குழாயின் வாய்க்கு அப்பால்

கம்பம் பள்ளத்தாக்கில் சித்திரை மாதம் பிறந்துவிட்டால் குழாய்களின் ராஜ்யம்தான். தண்ணீர்க் குழாயைச் சொல்லவில்லை. புளியமரத்துக் கிளையிலும், பந்தல் காலிலும், தெருமுனையில் நட்ட மூங்கிலிலும் ஊமத்தம்பூவைப் போல வாய் விரித்துத் தொங்குமே, அந்த ஒலிபெருக்கிக் குழாயைச் சொல்கிறேன். வீரபாண்டியில் கௌமாரியம்மனுக்கு எட்டு நாள் திருவிழா. அக்கினிச் சட்டி ஏந்தி வருகிறவர்களும், அவர்களைப் பார்க்க வருகிறவர்களுமாக இரவு பகல் பாராமல் ஜனங்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சுற்று வட்டாரத்தில் கல்யாணங்களும் காதுகுத்துகளும் அந்தக் கோடையில்தான். சின்னமனூரில் ஒரு குழாய் பாடும். அது ஓய்ந்தால் உத்தமபாளையத்தில் இன்னொன்று தொடங்கும். இரண்டும் ஓயாமல் சேர்ந்து பாடுகிற நாட்களும் உண்டு.

மகிழ்ச்சியாக இருக்கிற ஒரு மனிதனுக்குத் தன் மகிழ்ச்சியை ஊரிலுள்ள எல்லாருடைய காதிலும் கொண்டுபோய்ச் சேர்க்க உரிமை உண்டா? இது போலீஸ்காரர் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதனுக்கும் அவன் அண்டை வீட்டாருக்கும் நடுவில் உள்ள தர்மத்தைப் பற்றிய கேள்வியாகவே இது எனக்குப் படுகிறது. ஆனால் ஒரு பொருள் என்ன செய்கிறது என்று அறியாமல் அதன் மேல் நியாயம் பேசுவது சரியல்ல. ஆகையால் முதலில் குழாயைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

குழாயின் பின்புறத்தில் உருண்டையாக ஒரு பாகம் இருக்கும். ரேடியோ செட்காரர்கள் அதை 'யூனிட்' என்பார்கள். அதற்குள் ஒரு மெல்லிய தகடு துடிக்கிறது. ஒலிக்கு மூலம் அந்தத் துடிப்புத்தான். ஆனால் தகடு தனியாகத் துடித்தால் பெரிய சத்தம் எதுவும் வந்துவிடாது. பஞ்சை உலக்கையால் இடித்தால் உலக்கையின் பலம் பஞ்சில் இறங்குவதில்லை அல்லவா? காற்றும் அப்படித்தான், பிடி கொடுக்காமல் நழுவிவிடும். குழாய் செய்கிற உபகாரம் இதுதான்: தகட்டின் முன்னால் காற்றை ஒரு குறுகிய கழுத்துக்குள் அடைத்துவைத்து, நழுவ இடமில்லாமல் செய்கிறது. பிறகு கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டே போகிறது. உள்ளே சிறிய இடத்தில் பலமாக ஏற்பட்ட துடிப்பு, வாய்க்கு வரும்போது பெரிய பரப்பில் வெளிக்காற்றைத் தள்ளுகிறது. குழாய் இல்லாத சாதாரண ஒலிபெருக்கி, தான் வாங்கிய மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் ஒலியாக மாற்றும். நல்ல குழாய் இருபது முப்பது பங்கு வரை மாற்றிவிடும். மின்சாரம் அரிதாயிருந்த காலத்தில், ஒரு பாட்டரியை வைத்துக்கொண்டு ஒரு மைதானத்தையே பேசவைக்க முடிந்தது என்றால் அதற்குக் காரணம் இந்தச் சிக்கனந்தான்.

அகலும் குழாய்க்குள் ஒலி எப்படிப் போகிறது என்ற கணக்கைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆய்லர் முதலிய மேதைகள் தொட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கிளார்க் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர் 1919-ல் வெளியிட்ட கட்டுரையினால் அந்தச் சமன்பாடு இன்றுவரை அவர் பெயராலேயே வழங்குகிறது. அதே 1919-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஜனாதிபதி உட்ரோ வில்சன் சான் டியேகோ நகரத்து விளையாட்டரங்கில் பல்லாயிரம் பேருக்கு முன்னால் ஒலிபெருக்கியின் துணையோடு பேசினார். கணக்கு ஏட்டில் ஏறிய வருஷமும், ஒரு நாட்டுத் தலைவரின் குரல் குழாயில் ஏறிய வருஷமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

வெப்ஸ்டர் கணக்கு மிகவும் எளிமையானது. அந்த எளிமையைச் சம்பாதிக்க அவர் ஓர் ஊகம் செய்துகொண்டார். குழாய்க்குள் ஒலி பக்கவாட்டில் எங்கும் சிதறாமல், குறுக்கு வெட்டு முழுவதும் ஒரே சீராக முன்னோக்கி மட்டும் போகிறது என்று வைத்துக்கொண்டார். இந்த வழியில் போகிறவர்கள் வாய்க்கு வந்ததும் இன்னோர் ஊகமும் செய்துகொள்வது உண்டு. வாயைச் சுற்றிலும் முடிவே இல்லாத ஒரு சமமான சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு, வெளிக்காற்று அந்த வாயின் மேல் எவ்வளவு பாரமாக அழுத்துகிறது என்று பார்ப்பார்கள். அத்தோடு கணக்கு முடிந்துவிடும். வாய்க்கு வெளியில் உள்ள உலகம் முழுவதும் அந்தக் கணக்கில் ஒரே ஒரு பாரம். நெல் வயலும் அந்தப் பாரத்தில் அடக்கம்; பரீட்சைக்குப் படிக்கும் பையனும் அடக்கம்; மூன்று நாள் காய்ச்சலில் கிடக்கும் கிழவியும் அடக்கம்.

வெப்ஸ்டரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. குழாயை எப்படி வளைத்தால் ஒலி நன்றாக வெளியேறும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட பிரச்னை. அதற்கு அவர் கணக்குப் போதும். ஆனால் நாமும் நம் வீட்டு விசேஷத்துக்குக் குழாய் கட்டும்போது அதே கணக்கைத்தான் போடுகிறோம். சத்தம் நன்றாக வருகிறதா என்று பார்க்கிறோம். வாயைத் தாண்டிப் போனபின் அது யார் வீட்டில் போய் உட்காருகிறது என்று பார்ப்பதில்லை.

விஞ்ஞானிகளோ பிற்காலத்தில் வாய்க்கு அப்பாலும் பார்த்தார்கள். குழாயின் சுவரையும் வாயையும் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு துண்டுகளாகப் பாவித்து, ஒவ்வொரு துண்டும் காற்றில் என்ன செய்கிறது என்று கம்ப்யூட்டரைக் கொண்டு கூட்டிப் பார்க்கிறார்கள். எந்தத் திசைக்கு எந்த ஒலி எவ்வளவு போகிறது என்பது அதில் தெரிந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் குழாய் எல்லாத் திசையிலும் ஒரே பாட்டைப் பாடவில்லை. கீச்சென்ற உயர்ந்த சுரங்கள் டார்ச் விளக்கின் ஒளியைப் போல நேர் எதிரே பாய்கின்றன. தாழ்ந்த சுரங்கள் வாயின் விளிம்பில் மடங்கிப் பக்கத்திலும் பின்னாலும் பரவுகின்றன. குழாய்க்கு எதிர்வீட்டுக்காரருக்குப் பாட்டின் சொற்கள் ஊசி போல இறங்கும். பின்வீட்டுக்காரருக்கு என்ன பாட்டு என்றே தெரியாது. ஒரு முனகல்தான் இரவு முழுவதும் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கும்.

அரை மீட்டர் அகலமுள்ள வாய்க்குச் சுற்றளவு ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். அதைவிட நீளமான ஒலி அலைகளை அந்த வாய் சரியாக வெளியே விடாது. விநாடிக்கு நூறு தரம் துடிக்கும் ஒலிக்கு அலை நீளம் மூன்று மீட்டருக்கு மேல். அதனால்தான் குழாயில் தவிலின் தொப்பி அடங்கிப்போய், நாதஸ்வரம் மட்டும் வீறிடுகிறது. மனிதக் காது மிகவும் கூர்மையாக இருப்பது விநாடிக்கு இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் துடிப்பு வரை உள்ள ஒலிகளுக்கு. குழாய் ஓங்கிக் கத்துவதும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான். நம்மால் எதைக் கேளாமல் இருக்க முடியாதோ, அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது போல அமைந்துவிட்டது அது.

இனித் தூரம். ஒரு குழாய் ஒரு மீட்டர் தூரத்தில் 120 டெசிபல் சத்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் பத்து மடங்கானால் 20 டெசிபல் குறையும். பத்து மீட்டரில் 100; நூறு மீட்டரில் 80; ஒரு கிலோமீட்டரில் 60. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 என்று 2000-ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. இந்தக் கணக்குப்படி அந்த ஒற்றைக் குழாயின் சத்தம் இரவு வரம்புக்கு இறங்க ஐந்தரைக் கிலோமீட்டர் போக வேண்டும். மரமும் தரையும் காற்றும் கொஞ்சம் விழுங்கிவிடும் என்பது உண்மை. அதனால் தூரம் பாதியாகக் குறைந்தாலும், நடுவில் எத்தனை ஊர்கள், எத்தனை வீடுகள்!

இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொரு விசேஷமும் உண்டு. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. நடுவில் முல்லையாறு பாயும் வயல்கள். பகலில் தரை சுட்டு, தரையை ஒட்டிய காற்று மேல்காற்றைவிடச் சூடாக இருக்கும்போது ஒலி வானத்தை நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழே தங்கி, மேலே சூடான காற்று நிற்கும்போது ஒலி பூமியை நோக்கி வளைகிறது. பகலில் பக்கத்துத் தெருவோடு நின்றுபோன பாட்டு, விடியற்காலையில் மூன்று ஊர் தாண்டித் தோட்டத்துக் குடிசையில் படுத்திருப்பவன் காதில் விழுவது இதனால்தான். ஜனங்கள் தூங்குகிற நேரத்தில்தான் குழாயின் கை மிகவும் நீளமாக இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, குழாய் கட்டுகிறவன் அக்கிரமக்காரன் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். ரேடியோ செட் வைத்திருக்கும் ஒருவரிடம், "ஏன் எல்லாக் குழாயையும் ஊருக்கு வெளியே பார்த்துக் கட்டுகிறீர்கள்? கல்யாணம் பந்தலுக்குள்தானே நடக்கிறது?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பந்தல்ல இருக்கவுகளுக்குத்தான் கல்யாணம் தெரியுமே சார்," என்றார் அவர். "அடுத்த ஊர்க்காரன் 'யார் வீட்டு விசேஷம்டா இது?'ன்னு கேக்கணும். அதுக்குத்தானே காசு குடுக்காக."

அந்தப் பதிலில் கர்வம் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வருஷம் முழுவதும் பிறர் தோட்டத்தில் குனிந்து வேலை செய்கிறவனுக்கு, அவன் மகள் கல்யாணத்தன்று ஒரு நாள், 'நானும் இருக்கிறேன்' என்று ஊருக்குச் சொல்ல ஆசை வருகிறது. குரலை உயர்த்திப் பேசவே அஞ்சி வாழ்ந்த தெருக்கள் நம் ஊர்களில் இருந்தன. அந்தத் தெருவிலிருந்து ஒரு குரல் முதல் தடவையாக ஊர் முழுவதும் கேட்டது என்றால் அதைக் கேட்கச் செய்தது குழாய்தான். இதே பள்ளத்தாக்கில் பண்ணைப்புரத்தில் பிறந்த பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகச் சென்று பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடினார். மலைக்கு அப்பால் தேவிகுளத்தில் 1958-ல் நடந்த இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழர்களிடையே அவர் பாடிய பாட்டை இன்றும் நினைவுகூர்கிறார்கள். அவரோடு மேடை ஏறிய தம்பி இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் சினிமாவுக்கு வந்தார். அதன் பிறகு இந்த வட்டாரத்துக் குழாய்கள் இந்த வட்டாரத்துப் பிள்ளையின் பாட்டையே திரும்பப் பாடின. அதற்கும் முன்னால், சுதந்திரப் போராட்ட காலத்துப் படங்களைப் பாருங்கள். காந்தியடிகளுக்கும் நேருவுக்கும் முன்னால் உள்ள மைக்கில் 'சிகாகோ ரேடியோ' என்ற பெயர் தெரியும். தொண்டை வலுவுள்ளவன் மட்டுமே பெருங்கூட்டத்தில் பேசலாம் என்ற நிலையை மாற்றிய கருவி இது. அதை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? விருந்தை எடுத்துக்கொள்வோம். பாக்கு வெற்றிலை வைத்து அழைக்கிறோம். வருகிறவர் வருகிறார். வயிறு சரியில்லை என்பவர் மோரோடு எழுந்துவிடுகிறார். வராதவரிடம் வருத்தம் இருக்கலாம், வலுக்கட்டாயம் இல்லை. ஒருவன் தாடையைப் பிடித்துத் திறந்து பாயசத்தை ஊற்றினால் அதை விருந்து என்று யாராவது சொல்வார்களா? பாயசத்தில் முந்திரி நிறையப் போட்டிருக்கிறது என்பது அதற்குச் சமாதானம் ஆகுமா? வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்கும் வரைக்கும்தான் கொடுப்பது கொடை. கண்ணை மூடிக்கொள்ளலாம், வாயை மூடிக்கொள்ளலாம். காதுக்கு அந்த வசதியை ஆண்டவன் வைக்கவில்லை. ஆகையால் காதுக்குக் கொடுக்கிறவன் மற்றவர்களைவிட அதிகமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

2005-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒலி மாசு பற்றி அளித்த தீர்ப்பும் இதையே சட்டத்தின் மொழியில் சொல்கிறது. பேச உனக்கு உரிமை உண்டு. கேட்கவும் கேளாமல் இருக்கவும் அடுத்தவனுக்கு உரிமை உண்டு. ஒலிபெருக்கியால் உன் குரலைப் பெருக்கிப் பிறர் மேல் திணிப்பது யாருக்கும் அடிப்படை உரிமை ஆகாது என்பது அதன் சாரம். அந்த வழக்குப் பிறந்த கதை இன்னும் கொடியது. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு கயவனிடம் அகப்பட்டுக் கதறினாள். அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவள் கூச்சல் யார் காதிலும் விழவில்லை. அன்று மாலையே அவள் தன்னைத் தீயிட்டுக்கொண்டு இறந்துபோனாள். 1998 ஜனவரியில் பத்திரிகைகளில் வந்த இந்தச் செய்தி ஒரு பொறியாளரை நீதிமன்றத்தின் வாசலுக்கு அனுப்பியது.

அந்தப் பாட்டைப் போட்டவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஏதோ ஒரு சந்தோஷத்துக்காகப் போட்டிருப்பார்கள். குழாயைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அதிலிருந்து வருகிற சத்தத்தைப் பற்றியே பேசுகிறோம். அந்தச் சத்தத்தின் அடியில் கேளாமல் போகிற சிறு குரல்களைப் பற்றி நினைப்பதில்லை. பக்கத்து அறையில் தண்ணீர் கேட்கும் நோயாளி, விழித்து அழும் குழந்தை, 'யாராவது வாங்களேன்' என்று கூப்பிடும் தாய் – இவர்கள் யாரிடமும் குழாய் கிடையாது.

குழாயை எதிர்க்கிறவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. நம் கோயில் குழாய் பக்தி; அவர்கள் கோயில் குழாய் தொந்தரவு என்று சொல்கிறவர்களை எல்லா மதத்திலும் பார்க்கலாம். சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கி பற்றிக் குடியிருப்போர் தொடுத்த வழக்கில், 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. எந்த மதமும் என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். சபைக்குச் சொன்னது கோயிலுக்கும் மசூதிக்கும் அரசியல் கட்சிக்கும் சேர்த்துச் சொன்னதுதான். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதிக்கு ஜாதியும் இல்லை, சாமியும் இல்லை. விழா நாட்களுக்காக வருஷத்தில் பதினைந்து நாள் நள்ளிரவு வரை சலுகை தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அவ்வளவுதான்.

நம் மாநிலத்தில் அனுமதி கொடுக்கும்போது, கூம்பு வடிவக் குழாய் கூடாது, பெட்டி வடிவ ஒலிபெருக்கி மட்டும் என்று போலீசார் நிபந்தனை போடுவதும் உண்டு. காரணம் இருக்கிறது, குழாய் தூரம் எட்டும். ஆனாலும் குற்றத்தை வடிவத்தின் மேல் சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம். ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கி வைத்து நெஞ்செலும்பு அதிரும்படி வாசிக்கிறார்களே, குழாயால் விட முடியாத தாழ்ந்த சுரங்களை அந்தப் பெட்டி தாராளமாக விடுகிறதே! புளியமரத்துக் குழாய் ஏழையின் இரைச்சல் என்றால் மண்டபத்துப் பெட்டி பணக்காரனின் இரைச்சல். காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கருவியிலேயே வழி இல்லாமலும் இல்லை. ஓர் உயரமான இடத்தில் ஒரு பெரிய குழாயை வைத்து ஊரை அடிப்பதற்குப் பதிலாக, கேட்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பத்துச் சிறிய ஒலிபெருக்கிகளைக் கீழ்நோக்கிக் கட்டலாம். பத்து மடங்கு அருகில் வந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் நூறில் ஒரு பங்கு சக்தி போதும். பத்தும் சேர்ந்து பழைய சக்தியில் பத்தில் ஒரு பங்குதான். பந்தலில் இருப்பவர்க்குப் பாட்டு முன்னைவிடத் தெளிவாகவே கேட்கும். பந்தலுக்கு வெளியே அது மங்கிவிடும். என்ன, அடுத்த ஊர்க்காரன் 'யார் வீட்டு விசேஷம்?' என்று கேட்க மாட்டான். அந்த ஒன்றைத்தான் நாம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அது அவ்வளவு சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன். மற்ற நாட்களில் யாரும் மதியாத மனிதனுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அந்த மரியாதையை மற்ற நாட்களில் நாம் கொடுத்திருந்தால், ஒரே நாளில் இவ்வளவு சத்தமாக அவன் அதைக் கேட்டிருக்க மாட்டானோ என்னவோ.

இந்த அடக்கம் நமக்குப் புதிதும் அல்ல. பல ஊர்களில் ஒரு சாவு விழுந்துவிட்டால் பிணத்தை எடுக்கும் வரையில் கோயில் நடை திறக்க மாட்டார்கள். துக்க வீட்டைக் கடக்கும்போது கல்யாண மேளம் தானாக அடங்கும். எந்தச் சட்டமும், எந்த டெசிபல் கருவியும் வருவதற்கு முன்னால் நம்மவர்கள் அறிந்திருந்த முறை இது. சாவுக்கு மட்டும் காட்டும் அந்தத் தயவை உயிரோடு இருப்பவர்களுக்கும் காட்டினால் என்ன? மரத்தில் ஏணியைச் சாத்துவதற்கு முன்னால், வீட்டுக்காரர் இரண்டு பக்கத்துத் திண்ணைக்கும் போய், "நாளைக்கு எங்கள் வீட்டில் விசேஷம், உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? பிள்ளைகளுக்குப் பரீட்சை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு வரலாம். குழாயை எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு சத்தம் வைப்பது என்பதெல்லாம் அந்தப் பதிலைக் கேட்டபின் அவருக்கே தெரிந்துவிடும்.